பார்த்தவர் ஒருவர், சுட வேண்டியவர் வேறொருவர்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. ஆழிப்பேரலை மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் ஏறியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. நடுவே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. அந்த நேரம் முழுக்க அரசுக்கு ஒன்றுமே தெரியாதா என்றால், அப்படியும் இல்லை. கார் நிகோபார் விமானப்படைத் தளத்துக்குள் கடல் புகுந்துவிட்டது என்ற செய்தி, தொடர்பு அறுந்துபோகும் முன் விமானப்படைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஏழரை மணிவாக்கிலேயே சென்னைப் பக்கத்துப் பிரிவிலிருந்து தகவல் கிடைத்தது என்று அப்போதைய விமானப்படைத் தளபதி எஸ். கிருஷ்ணசுவாமி பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். வானிலைத் துறையிலிருந்து தாமதமாகக் கிளம்பிய தொலைநகலோ, பதவியில் இல்லாத ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனது என்று நாளிதழ்கள் எழுதின.

ஆக, பார்த்தவர் இருந்தார். ஓடிப்போய் மணலில் நின்றவர்களைக் கரையேற்றக் கூடிய காவலரும் மெரினாவில் இருந்தார். ஒருவர் சொல் மற்றவர் காதில் விழ வழி இல்லை. விழுந்திருந்தாலும், கடற்கரையைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் யாருடையது என்பது அன்று எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கியபோது, கருவிகளோடு சேர்த்து அந்தக் காகிதத்தையும் எழுதவேண்டியிருந்தது.

உலகின் பெரிய ராணுவங்கள் இன்று கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டுவது கிட்டத்தட்ட இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். நிலம், கடல், வான் என்ற பழைய மூன்று களங்களோடு விண்வெளியையும் இணையவெளியையும் சேர்த்து ஐந்து களங்கள் என்று இப்போது கணக்கு வைக்கிறார்கள். எந்தக் களத்துக் கருவி எதைப் பார்த்தாலும், வேறு எந்தக் களத்து ஆயுதமும் அதைக் கொண்டு உடனே செயல்பட முடியவேண்டும்; நடுவே முடிவெடுப்பவர் முழுக் காட்சியையும் ஒரே திரையில் பார்க்கவேண்டும். இதைப் பல்களக் கட்டளை வலைப்பின்னல் என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. உண்மையில் எங்கே இடறுகிறது என்று பார்க்க வாஷிங்டன்வரை போகவேண்டாம். சென்னையிலிருந்து 70 கிலோமீட்டரில் இருக்கும் அரக்கோணம் போதும்.

அரக்கோணமும் தஞ்சாவூரும்

அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலைக் கொண்ட பி-8ஐ ரோந்து விமானங்கள் 2013 முதல் அங்கிருந்து பறக்கின்றன. வங்காள விரிகுடாவில் போகும் கப்பலையும், நீருக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கியையும் தேடுவது அவற்றின் வேலை. 2020 நவம்பர் முதல் குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன் ஆளில்லா விமானங்களும் அங்கே சேர்ந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகிச் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது.

தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 போர் விமானங்களின் அணி ஒன்று நிலைகொண்டது. அந்த அணியின் சிறப்பு, விமானத்தின் வயிற்றில் தொங்கும் பிரம்மோஸ் ஏவுகணை. ஒலியைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் போய்க் கப்பலைத் தாக்கக் கூடியது அது.

இப்போது ஒரு கற்பனை நிலைமை. போர் மூண்டிருக்கிறது. பி-8ஐ விமானத்தின் ராடாரில் எதிரிக் கப்பல் ஒன்று தென்படுகிறது. அதை அடிக்க வசதியான ஆயுதம் தஞ்சாவூரில் இருக்கிறது. பார்த்தது கடற்படை, அடிக்கவேண்டியது விமானப்படை. கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 37 கிலோமீட்டர். செய்தி கைமாறிக் கைமாறி இருபது நிமிடம் கழித்துச் சுகோய் விமானிக்குக் கிடைத்தால், கப்பல் அதற்குள் 12 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். எந்தத் திசையில் என்பது யாருக்கும் தெரியாது. ஏவுகணை கடைசிக் கட்டத்தில் தன் சொந்த ராடாரைத் திறந்து இலக்கைத் தேடும் என்பது உண்மைதான். ஆனால் அது தேடும் வட்டத்துக்குள் அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூருக்குச் சரக்கேற்றிப் போகும் கப்பல் ஒன்றும் இருந்தால்?

எனவே இருபது நிமிடத்தை இருபது நொடியாக்கவேண்டும். அதற்குப் பி-8ஐ விமானத்தின் கணினியும் சுகோயின் கணினியும் நேரடியாகப் பேசவேண்டும். இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய தலைவலி தொடங்குகிறது. பி-8ஐ அமெரிக்காவில் செய்தது, சுகோய் ரஷ்ய வடிவமைப்பு, ரஃபேல் பிரெஞ்சு, ஹெரான் ஆளில்லா விமானம் இஸ்ரேலியம், எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை மறுபடியும் ரஷ்யா. ஒவ்வொன்றும் தன் சங்கேத முறையோடு வருகிறது. தன் சங்கேதத்தை இன்னொருவருடைய கருவியோடு இணைக்க விற்றவர் எளிதில் சம்மதிப்பதில்லை. பி-8ஐ வாங்கியபோது அமெரிக்கச் சங்கேதத் தொடர்புக் கருவிகள் சில நமக்குத் தரப்படவில்லை. நம் கப்பல்களோடு பேசுவதற்கான தரவு இணைப்பைப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. அமெரிக்கக் கருவிகளுக்கு வழிவிடும் ஒப்பந்தம் 2018 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. இதற்கிடையே கடற்படையும் விமானப்படையும் தத்தம் தேவைக்கு ஏற்பத் தனித்தனித் தரவு இணைப்புகளை வளர்த்துக்கொண்டன. அவற்றைப் பொருத்திவைக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மென்பொருள் எழுதினால் இது தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் அதற்கு ஆள் பஞ்சமா என்ன? தீராதது அடுத்த படி.

ஒரே நகரம், நான்கு மேலிடங்கள்

சென்னையில் ராணுவத்தின் பெரிய அலுவலகம், கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் தட்சிண பாரத் ஏரியா. அதன் மேலிடம் புனேயிலுள்ள தெற்குக் கட்டளையகம். சென்னையின் கடற்படைத் தளமான ஐஎன்எஸ் அடையாறு விசாகப்பட்டினத்திலுள்ள கிழக்குக் கட்டளையகத்தின் கீழ் வருகிறது. தஞ்சாவூர், சூலூர் விமானங்களுக்குத் திருவனந்தபுரம் மேலிடம். தாம்பரம் விமானப்படைத் தளமோ பயிற்சிக் கட்டளையகத்தைச் சேர்ந்தது, அதற்குப் பெங்களூரு. கடலோரக் காவல்படையின் கிழக்கு மண்டலத் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் அது தனி அமைப்பு. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை ரோந்து போகும் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மாநிலக் காவல்துறையைச் சேர்ந்தது, அது டிஜிபியிடம் போகும். பத்திரிகை அடித்தவர் ஒருவர், பந்தி நடத்துபவர் ஒருவர், மேளக்காரருக்குப் பணம் கொடுப்பவர் வேறொருவர் என்று நடக்கும் கல்யாணமும் ஒப்பேறிவிடுவதுண்டு. எல்லோரும் பழகியவர்களாக இருப்பதால். போரில் அந்தப் பழக்கத்தை நம்பியிருக்க முடியாது.

நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், ராணுவத்துக்கு ஏழு, விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று என்று 17 தனிப்படைக் கட்டளையகங்கள். ராணுவத்தின் கிழக்குக் கட்டளையகம் கொல்கத்தாவில், விமானப்படையின் கிழக்குக் கட்டளையகம் ஷில்லாங்கில், கடற்படையுடையது விசாகப்பட்டினத்தில். மூன்றுக்கும் பெயர் கிழக்கு. மூன்றும் காவல் காக்கும் கிழக்கு வேறு வேறு.

எம்டனை வீழ்த்திய தந்தி

சென்னைக்கு இந்த விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வெளியே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. கரையிலிருந்து பீரங்கிகள் பதில் கொடுக்கத் தொடங்கியதும் அது விளக்கை அணைத்துக்கொண்டு நழுவிவிட்டது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் பதித்த கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். இந்தக் கதையைச் சென்னையில் எல்லோரும் சொல்வார்கள். அதன் மறுபாதியைச் சொல்பவர்கள் குறைவு.

எம்டனைப் பல நாட்டுக் கப்பல்கள் வாரக்கணக்கில் தேடின. அகப்படவில்லை. நவம்பர் 9 அன்று அது கோகோஸ் தீவுகளுக்குப் போனது. அங்கிருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழித்து, ஆஸ்திரேலியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் இடையிலான தொடர்பை அறுப்பது தளபதி வான் முல்லரின் திட்டம். ஜெர்மானியர்கள் கரையிறங்குவதற்குள், முன்பின் தெரியாத கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியை நிலையத்துக்காரர்கள் கம்பியில்லாத் தந்தியில் தட்டிவிட்டார்கள். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைக் கேட்டது. சில மணி நேரத்தில் எம்டன் பவளத் திட்டில் மோதிக் கிடந்தது.

பார்த்தவர் தந்திக்காரர், சுட்டவர் கடற்படை. நடுவில் ஒரே ஓர் ஆணை: துருப்புக் கப்பல்களின் காவலை விட்டுப் பிரிந்து போ. துருப்புக் கப்பல்களுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி அங்கேயே, உடனே அந்த முடிவை எடுக்கும் நிலையில் இருந்தார். லண்டனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று காத்திருந்தால் எம்டன் இன்னொரு முறை நழுவியிருக்கும்.

இதை ஓர் அமைப்பாகவே முதலில் கட்டிக்காட்டியவர் பிரிட்டிஷ் விமானப்படையின் ஹியூ டவுடிங். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் அலையலையாக வந்தபோது, கடற்கரை ராடார் நிலையங்கள் சொல்லும் செய்திகள் தொலைபேசிக் கம்பிகளில் ஓரிடத்துக்கு வந்தன. பெண்ட்லி பிரையரி என்ற மாளிகையில் இருந்த வடிகட்டும் அறை அது. ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்றாகச் சொல்லும். அதை ஒன்றாக்குவது அங்கிருந்தவர்களின் வேலை. பிறகுதான் தகவல் கீழே போகும். ஒற்றர் மூவர் சொல் ஒத்தால் நம்பு என்று நம் பழந்தமிழ் அரசியல் அறிவு சொன்னதைத் தொலைபேசியில் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அறைகளில் இருந்த கடிகாரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அதன் முகம் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் என மாறி மாறி வண்ணம் பூசப்பட்டிருந்தது. முள் எந்த வண்ணத்தில் நிற்கிறதோ, அந்த வண்ணக் குறியைத்தான் அந்த நேரத்துச் செய்திக்கு மேசை வரைபடத்தின்மேல் வைக்கவேண்டும். மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரு பார்வையிலேயே எந்தச் செய்தி புதிது, எது ஆறிப்போனது என்று தெரிந்துகொள்வார். பழைய குறிகளை மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்றைய திரைகளில் புள்ளிகள் எல்லாம் ஒரே பளபளப்போடு மின்னுகின்றன. ஒரு புள்ளி எத்தனை நொடிக்கு முந்தியது என்பதை அந்த மேசையளவு வெளிப்படையாகக் காட்டும் திரைகள் இன்றும் அரிது என்பேன்.

டவுடிங் செய்த இன்னொன்று, எந்த அணியை எழுப்புவது என்ற முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளாதது. எல்லாக் காட்சியும் அவருக்குத் தெரிந்தது. அணிகளை ஏவும் அதிகாரம் அவருக்குக் கீழே, அந்தந்தப் பகுதித் தளபதிகளிடமே இருந்தது.

காசிமேட்டுப் புள்ளிகள்

வடிகட்டும் வேலை எத்தனை கடினம் என்று பார்க்கக் காசிமேடு போகலாம். விடியலுக்கு முன் விசைப்படகுகள் வரிசையாக வெளியேறும் நேரத்தில், கரையோர ராடாரில் அத்தனையும் புள்ளிகள். நடுவில் ஃபைபர் படகுகள். கட்டுமரத்தில் போகிறவர்கள் ராடாருக்கு அகப்படுவதே சந்தேகம். வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் அந்தத் திரை கொஞ்சம் மூச்சு விடும்.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில்தான் வந்தார்கள். கடல் வழியாக வரலாம் என்ற உளவு எச்சரிக்கைகள் அதற்கு முன்பே இருந்தன. பிறகுதான் கரையோரம் முழுக்க 46 ராடார் நிலையங்களின் சங்கிலி அமைந்தது. கடற்படை, கடலோரக் காவல்படை நிலையங்களின் காட்சிகளை ஒன்றாக்கும் மையம் 2014இல் குருகிராமில் திறக்கப்பட்டது. கடலே இல்லாத ஊரில் கடலைப் பார்க்கும் மையம். வலைப்பின்னல் இருந்தால் அது முடியும் என்பதே விஷயம்.

பெரிய கப்பல்கள் தாம் யார் என்று தாமே ஒலிபரப்பும் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்தியிருக்கவேண்டும். சிறு படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே படகின் பக்கவாட்டில் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண், மாநிலத்துக்கு ஒரு நிறம், மீனவருக்கு அடையாள அட்டை, விசைப்படகில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவற்றில் முதல் மூன்றும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியவை. ராடாருக்கு நிறம் தெரியாது.

சாகர் கவச் என்ற ஒத்திகை அவ்வப்போது நம் கரையில் நடக்கிறது. பாதுகாப்புப் படையினரே தீவிரவாதிகளைப்போல வேடமிட்டுப் படகில் வருவார்கள், போலீஸார் பிடிக்கவேண்டும். பல முறை இவர்களைக் காட்டிக்கொடுப்பது ராடார் அல்ல, இது நம்ம படகு இல்லையே என்று சந்தேகப்பட்டு 1093க்கு அழைக்கும் மீனவர். கோடிக்கணக்கில் செலவிட்டுப் போடும் வலைப்பின்னலில் அந்த அலைபேசி அழைப்பும் ஒரு கணுவாக நுழைய இடம் வைக்கவேண்டும். பெரும்பாலான திட்ட வரைபடங்களில் அதற்கு ஒரு பெட்டி வரைவதே இல்லை என்பது என் மனக்குறை.

ஒரே காலையில் இரண்டு

2019 பிப்ரவரி 27 காலை நடந்தவை, இந்தப் பொருளைப் பற்றிப் பேசும் எவரும் தாண்டிப் போக முடியாதவை. பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள் பாகிஸ்தான் விமானங்கள் வந்தன. சென்னையைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் மிக்-21இல் எதிர்கொண்டார், விமானம் வீழ்த்தப்பட்டு எல்லைக்கு அப்பால் பிடிபட்டார். திரும்பிவிடும்படி தரையிலிருந்து சொன்னது, எதிரியின் அலை இடையூறால் அவருக்குக் கேட்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் பழைய விமானத்தில் இடையூறுக்கு ஈடுகொடுக்கும் நவீனத் தரவு இணைப்பு இல்லை என்ற விமர்சனமும் எழுந்தது.

அதே காலையில் ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. சுட்டது எதிரி அல்ல. நம் விமானப்படையின் ஏவுகணை. ஹெலிகாப்டரில் இருந்த ஆறு பேரும் தரையில் ஒருவரும் மாண்டார்கள். அது பெரிய தவறு என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதியே பொதுவில் ஒப்புக்கொண்டார். முதல் நிகழ்வில் சொல்லவேண்டியது போய்ச் சேரவில்லை. இரண்டாவதில், திரையில் தெரிந்த புள்ளி நம்முடையதா என்று உறுதி செய்யாமல் விரல் அழுந்தியது. இரண்டாவது நிகழ்வில் எல்லோரும் ஒரே படையைச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம். மூன்று படைகள் கலந்து பறக்கும் வானத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே திரை வந்துவிட்டால் இது நேராது என்று சொல்பவர்களுக்கு 1988 ஜூலை 3ஐ நினைவூட்டவேண்டும். அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ராடாரையும் ஏவுகணைகளையும் கணினியால் இணைக்கும், அந்தக் காலத்தின் மிக நவீனமான ஏஜிஸ் முறையைக் கொண்டது. அது ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு 290 பேரைக் கொன்றது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கணினி சரியாகவே பதிவு செய்திருந்தது. பதற்றத்தில் இருந்த ஆட்கள் அது கீழே பாய்ந்து வருவதாகக் கேப்டனிடம் சொன்னார்கள்.

பட்காமுக்குப் பிறகான ஆறு ஆண்டுகளில் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. விமானப்படையின் ராடார்களையும் ஏவுகணைகளையும் இணைக்கும் ஐஏசிசிஎஸ் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. ராணுவத்தின் வான் பாதுகாப்புப் பிரிவுகளுக்காகப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்யும் ஆகாஷ்தீர் முறைக்கு 2023 மார்ச்சில் 1,982 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 மே மாதம் சிந்தூர் நடவடிக்கையின்போது பாகிஸ்தானின் ட்ரோன்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது இரண்டும் இணைந்து வேலை செய்தன. 1940களின் பிற்பகுதியில் வடிவமைத்த எல்-70 பீரங்கிக்குக்கூட, எங்கிருந்து என்ன வருகிறது என்ற தகவல் திரையில் கிடைத்தது. அந்த முறையில் எனக்குப் படும் முக்கியமான அம்சம் படமல்ல. சுடும் அனுமதியை நிலைமைக்கேற்ப முன்னணிப் பிரிவுகளுக்கே இறக்கிக் கொடுக்கலாம் என்று அதன் அமைப்பிலேயே எழுதியிருப்பது. டவுடிங்கின் பழைய முடிவு, கணினிக்குள் வந்திருக்கிறது.

கம்பி அறுந்தால்

2022 பிப்ரவரி 24 அதிகாலை ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே நேரத்தில், கேஏ-சாட் என்ற செயற்கைக்கோளின் தரைக் கருவிகள் இணையத் தாக்குதலில் செயலிழந்தன. உக்ரைன் ராணுவத்தின் தொடர்பைக் குலைக்கவே அது நடந்தது. ஜெர்மனியில் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியும் சேர்ந்து போனது. பல்களப் போர் என்றால் இதுதான்: முதல் குண்டு எங்கும் விழாமலேயே விழுந்துவிட்டது.

நம் பக்கம், கடற்படைக்கு 2013இல் ஏவிய ருக்மிணி என்ற ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018 டிசம்பரில் ஏவிய ஜிசாட்-7ஏ ஆகியவை இருக்கின்றன. 2025 நவம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சிஎம்எஸ்-03, நான்கு டன்னுக்கும் மேல் எடை கொண்டது, கடற்படைக்கானது. படைக்கு ஒரு செயற்கைக்கோள் என்று பிரித்துக் கொடுத்ததிலேயே நம் வழக்கம் தெரிகிறது.

கடலடியிலும் ஒரு கம்பி உண்டு. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் ஆப்டிக் ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. தீவுவாசிகளுக்கு வேகமான இணையம் என்று அறிமுகமான அந்தக் கேபிள், நாட்டின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் இருக்கும் ஊரையும் நிலப்பரப்போடு இணைக்கிறது. சென்னைக் கரையில் இப்படிப் பல கேபிள்கள் ஏறுகின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது அவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டு இணையம் ஊர்ந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெள்ளத்தில் அலைபேசிக் கோபுரங்கள் வரிசையாக மூச்சடங்கின. மீனம்பாக்கம் மூழ்கியதால் அரக்கோணக் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன.

எல்லாம் இணைந்திருக்கும் என்று நம்பிக் கட்டும் படை, இணைப்பு போன மறுகணம் குருடாகும். ஆகவே, தொடர்பு அறுந்தாலும் மேலதிகாரியின் நோக்கம் இன்னது என்று தெரிந்து, கீழே இருப்பவர் தன் பொறுப்பில் செயல்படும் பழக்கத்தை நல்ல படைகள் வளர்க்கின்றன. இங்கே ஒரு முரண் இருக்கிறது. கம்பி நன்றாக இருக்கும் நாளில், டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு ட்ரோனின் படமும் கிடைக்கும். பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பது மனித சுபாவம் அல்ல.

அதிகாரத்தை இணைப்பது

கார்கில் ஊடுருவல் 1999 மே முதல் வாரத்தில் தெரியவந்தது. விமானப்படை களமிறங்கியது மே 26. நடுவில் ராணுவம் ஹெலிகாப்டர் உதவி கேட்டதும், அரசியல் அனுமதி இல்லாமல் முடியாது என்று விமானப்படை சொன்னதும் பின்னாளில் இரு தரப்பு அதிகாரிகளும் எழுதித் தீர்த்த சச்சரவு. போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 2001இல் அமைச்சர்கள் குழு முப்படைத் தலைமைத் தளபதி வேண்டும் என்றது. பதவி வந்தது 2020 ஜனவரி 1 அன்று. முதலில் அமர்ந்த பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் கல்லூரிக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவர் தொடங்கிய ஒருங்கிணைப்பு வேலை அதோடு ஓரிரு ஆண்டு பின்தங்கியது.

ஒரு படை அதிகாரி வேறு படைச் சிப்பாய் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது என்பதை வெளியே பலர் அறியமாட்டார்கள். கூட்டு அமைப்பின் தலைவர், தனக்குக் கீழே வேலை பார்க்கும் வேறு சீருடைக்காரர் தவறு செய்தால் அவரைத் தாய்ப்படைக்கே திருப்பி அனுப்பவேண்டும். 2023இல் நிறைவேறி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை மாற்றியது. எந்தச் செயற்கைக்கோளையும்விட இது பெரிய படி என்று நினைக்கிறேன். படம் எடுத்துப் போட முடியாத சங்கதி என்பதால் செய்தியாகவில்லை.

மீதமிருப்பது, 17 கட்டளையகங்களைக் கலைத்து நிலப்பகுதி வாரியாக மூன்று கூட்டுக் கட்டளையகங்களாக்கும் திட்டம். சீனா 2016இலேயே ஐந்தாகச் சுருக்கிக்கொண்டது. இந்திய எல்லை முழுவதும் அதன் ஒரே மேற்குக் கட்டளையகத்தின் பொறுப்பு. அமெரிக்காவுக்குக் கூட்டுக் கட்டளை பல பத்தாண்டுப் பழக்கம். அங்கேயும் வலைப்பின்னல் என்று வந்ததும் விமானப்படை ஒன்று, ராணுவம் ஒன்று, கடற்படை ஒன்று என்று தனித்தனித் திட்டம் போட்டதை நினைத்தால் நம்மவர்களைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை.

விமானப்படையின் தயக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்றபின் கையில் இருப்பவை 29. இதை மூன்று பங்கு போட்டால், காலையில் பஞ்சாபிலும் மாலையில் அசாமிலும் பறக்கக் கூடிய விமானம் ஏதோ ஓர் எல்லைக்கோட்டுக்குள் கட்டுண்டுவிடும் என்பது அவர்கள் வாதம். 2025 ஆகஸ்டில் மோவ் நகரில் நடந்த முப்படைக் கருத்தரங்கில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், அவசரப்படவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். பல்களப் போர்முறைக்கான கூட்டுக் கோட்பாட்டு ஆவணம் வெளியானதும் அதே மேடையில்தான்.

அந்தமான் கட்டளையகம் 2001 முதல் இருக்கிறது. மூன்று படைகளும் கடலோரக் காவல்படையும் ஒரே தளபதியின் கீழ் அங்கே வேலை செய்கின்றன. காட்சி ஒன்று, தளபதி ஒருவர். ஆனால் தங்கள் நல்ல கப்பல்களையும் விமானங்களையும் நிலையாக அங்கே ஒப்படைக்கத் தாய்ப்படைகள் தயங்கின என்பது பாதுகாப்பு வட்டாரங்களில் நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. அதிகாரம் கொடுத்துவிட்டு ஆயுதத்தைக் கொடுக்காமலிருப்பதும் ஒரு வகை.

கடல்சார் கூட்டுக் கட்டளையகத்துக்குப் பேசப்படும் இடம் திருவனந்தபுரம். அது வந்தால், சென்னையின் கடற்படைக் கோடு விசாகப்பட்டினத்துக்குப் பதிலாக அங்கே போய் முடியும். அரக்கோணத்து பி-8ஐ விமானங்களை அதன் தளபதியிடம் கொடுப்பதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருக்காது. தஞ்சாவூர்ச் சுகோய் விமானங்களை அமைதிக்காலத்திலேயே அவர் கையில் எழுதிக் கொடுப்பதா, போர் வந்தபின் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதா என்பதில்தான் படைத் தலைமைகள் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை.